மீதி எட்டு நாள்

"நீயாக் குடிக்கியா, இல்ல வாயைத் தொறந்து ஊத்தணுமா?"

ஆறுமுகத்தாய் பித்தளைத் தம்ளரை மருமகள் முன்னால் நங்கென்று வைத்தாள். கஷாயத்தின் நாற்றம் கோலி என்று சொல்லப்படும் அந்தப் பத்துக்குப் பத்து ஒற்றை அறை முழுக்கப் பரவியது.

செண்பகவல்லி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்று எவன் சோதித்தான்? தாராவியில் அதெல்லாம் கேட்கக் கூடாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வீட்டுக்கு இளைத்தவள் மருமகள். வருஷம் ஒருமுறை திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு மருந்துக்காரன் பம்பாய்க்கு வந்து பொட்டலம் விற்பான். விடியலில் தலை முழுகி, ஈரச் சேலையோடு, ஒரு மண்டலம் குடிக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாள். குடிப்பவள் பெண் மட்டும்தான். அப்படித்தான் வழக்கம்.

இருபத்தைந்தாம் நாள் செண்பகவல்லி வாந்தி எடுத்தாள். சோற்று வாசனையே ஆகவில்லை. ஆறுமுகத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் இருந்த பதினாறு கோலிக்கும் சீனி கொடுத்தாள்.

"அத்தை, எனக்கு முந்தாநாள்தான் தூரம் வந்துச்சு. இது அது இல்ல," என்றாள் செண்பகவல்லி.

"சிலவளுக்கு அப்படியும் வரும். நீ என்னத்தைக் கண்ட?" என்றவள், கரு தங்கட்டும் என்று மருந்தை இரண்டு வேளையாக்கினாள்.

நாற்பதாம் நாள் தண்ணீர்க் குழாய் வரிசையில் செண்பகவல்லி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமியாரையும் புருஷனையும் நிற்க வைத்துச் சொன்னார்: ஈரல் கெட்டுக் கிடக்கிறது, அந்தப் பச்சிலைதான் காரணம், இனித் தொட்டால் ஆள் மிஞ்சாது. ஆறுமுகத்தாய் தலையைத் தலையை ஆட்டினாள். வாசல் தாண்டியதும், "இங்கிலீஷ் மருந்து விக்கணும்லா, வேற எப்படிச் சொல்லுவான்," என்றாள்.

இப்போது தம்ளர் மறுபடி வந்துவிட்டது.

"இன்னும் எட்டு நாள்தான் மீதி. மண்டலம் பாதில நின்னா குடும்பத்துக்கு ஆகாது. குடிக்க மாட்டேன்னா சொல்லிரு. உன் தங்கச்சிய எம் மவனுக்குக் கேட்டு இன்னைக்கே ஊருக்குக் காயிதம் போடுதேன்."

புருஷன் பூதத்தான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டிராம்பேயில் எண்ணெய்க் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இந்த நாலு வருஷத்தில் அவன் இந்த விஷயமாக வாய் திறந்ததே கிடையாது.

செண்பகவல்லி தம்ளரை எடுத்தாள். எடுத்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிள்ளை ரெண்டு பேருக்கும்தான வேணும்? நாப்பது நாள் நான் குடிச்சிட்டேன். மீதி எட்டு நாள் நீங்க குடிங்க."

பூதத்தான் சிரித்துவிட்டான். "இதுக்குப் போயா சண்டை? கொண்டா, நானே குடிச்சுத் தொலைக்கேன்," என்று தம்ளரைத் தூக்கினான்.

ஆறுமுகத்தாய் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாம்யா, அதக் கீழ வையி. ஈரல் வெந்து போவும்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

செண்பகவல்லி எழுந்து தம்ளரை வாங்கினாள். மூலையில் பாத்திரம் கழுவும் மோரியில் கஷாயத்தைக் கொட்டி, அடுப்போரம் இருந்த பொட்டலத்தையும் அவிழ்த்து அதன்மேல் தட்டி, இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

"டாக்டரு என்கிட்டத் தனியா இன்னொண்ணும் சொல்லிருக்காவ," என்றாள் புருஷனிடம். "பிள்ளை இல்லேன்னா ஆம்பளையையும் சோதிக்கணுமாம். திங்கக்கிழமை உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாவ."

பூதத்தான் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டிராம்பே பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.