பழைய பதில்

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியின் மேல்மாடிக் கம்பெனியில் உட்கார்ந்து, கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான் வெற்றிசெல்வன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்காக அவன் எழுதியது 'தக்கை'. இணையத்தில் போய் ஒரு தகவலைக் கேட்டு வாங்கி வருகிற குட்டி நிரல் நூலகம்; அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. இதற்காகவே உலகத்தார் பெரிய பெரிய நூலகங்களை யானை கட்டித் தீனி போடுவதுபோல் வைத்துக்கொண்டிருக்க, தக்கை ஒரு புகைப்படத்தின் கனம்கூட இல்லை. ஓட்டை ஃபோனிலும் ஓடும், ஒற்றைக் கோடு சிக்னலிலும் ஓடும். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கோ அதை எடுத்துத் தங்கள் செயலிகளுக்குள் வைத்துப் பயன்படுத்தினார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, சும்மா சொல்லக் கூடாது.

சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் இருந்த தன் ஊருக்கு, தக்கையை வைத்தே ஒரு செயலி செய்து கொடுத்தான். தொட்டால் இன்று காற்று எப்படி என்று சொல்லும். முதலில் சிக்னல் கிடைக்காதபோது சிவப்புக் கட்டத்தில் 'தகவல் கிடைக்கவில்லை' என்று காட்டியது. அண்ணன் திருமுருகனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"கடல்ல எறங்குற நேரத்துல கெடைக்கல, கெடைக்கலன்னு சொல்லுதுடா. தொழிலுக்குப் போறவன எங்க போறேன்னு கேக்கவே நம்ம ஊர்ல வாய் வராது. இது மொகத்துக்கு நேரா அபசகுனமா சொல்லுது. மொதல்ல இத எடு."

எடுத்தான். செயலியில் மட்டும் எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தக்கைக்குள்ளேயே கை வைத்தான். கேட்டது கிடைக்காவிட்டால், சத்தம் போடாமல் கடைசியாகக் கிடைத்த பதிலையே எடுத்து நீட்டும்படி மாற்றினான். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவன், 'தோற்றால் தோற்றது என்று சொல்ல வேண்டாமா? பழையதைப் புதியதுபோல் கொடுப்பது ஆபத்து' என்று எழுதினான். 'எங்கள் கரையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது' என்று பதில் போட்டு அந்தப் பேச்சையே மூடிவிட்டான் வெற்றிசெல்வன்.

கரை அதைக் கொண்டாடியது. கோயில் மைக்கில் காற்று நிலவரம் அறிவிக்கும் பழக்கத்தைக்கூட ஊர் நிறுத்திவிட்டது. எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே, தொண்டை வறளக் கத்துவது எதற்கு என்றார்கள்.

அந்தக் கார்த்திகை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவன் எச்சரிக்கையைப் பார்த்தான். மாலைக்குமேல் வாடைக் காற்று பலமாக அடிக்கும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். அண்ணனுக்கு ஃபோன் அடித்தான். போகவில்லை. அண்ணிக்கும் போகவில்லை. ஊரில் டவர் படுத்திருந்தது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. செயலிக்குப் பதில் தரும் சர்வரைப் பார்த்தான். காலையிலிருந்து கரையின் எந்த ஃபோனும் எதையும் கேட்டு வரவில்லை. அப்படியென்றால் எல்லா ஃபோனும் நேற்றைய பதிலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றுக் கடல் குளம்போல் கிடந்தது.

கடலோர மீட்புக்கான எண்ணில் விவரத்தைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் தென்னந்தோப்புகளில் ஓலை அசையவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. அண்ணன் இன்னும் வலையை ஏற்றிக்கொண்டிருப்பான், டீசல் வாங்க நின்றிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

கரையில் ஒரு படகுகூட இல்லை. ஒன்றாவது நின்றிருந்தால் துரத்திப் போகலாம், அத்தனையும் போயிருந்தன. மீன் இறக்கும் கொட்டகை நிழலில் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அண்ணி ஜீவிதா எழுந்து வந்தாள்.

"என்ன தம்பி, வேல நாள்ல வந்திருக்க? உங்கண்ணன் இப்பத்தான் கெளம்புனாரு. ஒன் செயலியப் பாத்துட்டு, காத்தே இல்லடி, இன்னைக்குக் கொஞ்சம் தள்ளிப் போயே வலை விடலாம்னுட்டுப் போறாரு."

அவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னான். சிக்னல் இல்லாததை, பழைய பதிலை, வரப்போகிற வாடையை, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"இப்ப மாத்த முடியாதா அத?"

"ரெண்டு வரிதான் அண்ணி, மாத்திரலாம். ஆனா அண்ணன் கைக்குப் போய்ச் சேராது."

"யாராச்சும் போயிக் கூட்டியார மாட்டாங்களா?"

"சொல்லியிருக்கேன். கப்பல் தூரத்துலேருந்து வரணுமாம். படகெல்லாம் எங்கெங்க இருக்குன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல அண்ணி."

அவள் கடலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. வெற்றிசெல்வனுக்கு அவள் தன்னை அடித்தால் தேவலை என்றிருந்தது. திட்டினால், மண்ணை வாரித் தூற்றினால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"நீதான் எதுவும் செய்ய முடியாதுங்கிறியே," என்றாள் மெல்ல. "அப்பறம் எதுக்கு தம்பி எங்கிட்ட சொன்ன? காத்து வர வரைக்குமாவது நிம்மதியா இருந்திருப்பேனே."

வடக்கே வானத்தின் அடியில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகையிலிருந்த பெண்கள் இவர்கள் இருவரையும் கவனித்துவிட்டார்கள். அத்தனை பேரின் புருஷனும் பிள்ளையும் கடலில்தான் இருந்தார்கள். ஒருத்தி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"என்னடி ஜீவிதா, தம்பி என்ன சொல்லுது?"

ஜீவிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் நடந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. காத்து இல்லையாம். நல்லாத்தான் இருக்காம்."