ஆவின் மூச்சு, வேறு குரலில்

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்திலிருந்து வந்தது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். பழைய நத்தார்ப் பாட்டுகளை வேறு ஆட்கள் எடுத்துப் பாடலாமா, கூடாதா என்பது விஷயம். கூடவே கூடாது என்றார் ஒருவர். அப்படியென்றால் பெத்லகேமில் பாடின தேவதூதர்களோடு எல்லாரும் வாயை மூடியிருக்க வேண்டுமே என்றார் மற்றவர். நான் சிரித்துவிட்டேன். அப்போது மூலையில் பணிஸ் தின்றுகொண்டிருந்த மூன்றாவது ஆள், "டைம்கீப்பர் அழகரெத்தினத்துக்கு நடந்தது தெரியாதா உங்களுக்கு?" என்றார். இருவரும் அடங்கிவிட்டார்கள்.

அவர் சொன்னது நாலைந்து வசனம். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

எங்கே தொடங்குவது என்பதில்தான் முதல் தடங்கல். "மார்கழி மழை கல்முனைத் தெருக்களைக் கழுவிக்கொண்டிருந்த அந்தக் காலையில்" என்று எழுதினேன். மழையில் தொடங்கிய கதைகள் இந்தக் கரையில் வெள்ளமாய்க் கிடக்கின்றன. விட்டுவிட்டேன். அடுத்தது, "இசைக்கு மதமில்லை, மொழியில்லை, என்றாலும் அதற்கு ஒரு" — நல்லவேளை, பேனையில் மை தீர்ந்தது. மூன்றாவது வசனம் நின்றது. இதுதான்.

2

அழகரெத்தினம் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

பொத்துவில் பஸ் புறப்படும் நேரம். டைம்கீப்பர் ஊதினால்தான் அது நகரும். சாரதி எஞ்சினை இயக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய முகமோ எதிர்ப்பக்கம் ஜவுபரின் கசெற் கடையை நோக்கித் திரும்பியிருந்தது.

ஆண்டு 1982, டிசம்பர் முதல் வாரம். ஜவுபர் தொழுகை தவறாத மனிதன். ஆனாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் கடை வாசல் ஒலிபெருக்கியில் அழகரெத்தினத்தின் பாட்டைப் போடாமல் வியாபாரத்தைத் தொடங்கமாட்டான். "ஆவின் மூச்சிலே குளிர்காயும் மகவே" என்று தொடங்கும் பாட்டு அது. தம்பிலுவில்லில் இருந்த உபதேசியார் ஒருவர் எழுதி மெட்டமைத்தார். அழகரெத்தினம் இளந்தாரியாக இருந்தபோது அதை வானொலியில் பாடினார். பிறகு ஊர் உபதேசியாரை மறந்தது. பாட்டு அழகரெத்தினத்தின் பாட்டாயிற்று. நத்தார் ஆராதனையில் அவர் தனியே எழுந்து அதைப் பாடுவார். சபையில் வேறு யாரும் அதற்கு வாய் திறப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. மற்றவரின் சாப்பாட்டுக் கோப்பையில் யாரும் கை வைப்பதில்லை அல்லவா, அதுபோல.

அன்று ஒலிபெருக்கியில் அதே சொற்கள் வந்தன. ஆனால் இழுத்து, தணிந்து, மெதுவாக. ஜவுபரின் மெஷினில் பட்டி தளர்ந்துவிட்டது, அதுதான் நாடா மெல்ல ஓடுகிறது என்று முதலில் நினைத்தார். நாடா மெல்ல ஓடினால் ஆண்குரல் இன்னும் கனக்க வேண்டும். இது கனக்கவில்லை. இது ஒரு பெண்.

விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. சொந்த வீட்டுக் கதவைத் தட்ட, உள்ளே இருந்து முன்பின் தெரியாத ஒருவர் "ஆரது?" என்று கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

"என்ன ஐயா, பஸ்ஸ விடுறதா, நாங்களும் இறங்கிப் பாட்டுக் கேக்கிறதா?" என்றான் சாரதி.

அழகரெத்தினம் ஊதினார். காற்றுத்தான் வந்தது.

3

"ஜவுபர், இது ஆர்?"

"வாங்க ஐயா. குந்துங்க."

"நான் குந்த வரல்ல. இதைப் பாடினவ ஆர்?"

கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் மெல்ல ஒதுங்கி, ஒதுங்கின இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஜவுபர் ஒலியைக் குறைத்தான்.

"ஒரு பொம்புள."

"அது எனக்கும் கேக்குது. பேர்?"

"பேர் போடவேணாமெண்டு சென்னாங்க. போடல்ல."

"என்ர பாட்டை ஆரைக் கேட்டுப் பாடினவ?"

ஜவுபர் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு இவர்மேல் உண்மையான மரியாதை இருந்தது. "கோபிக்காதீங்க ஐயா. எழுதினது உபதேசியார்தானே. நீங்களே எனக்கு எத்தின தரம் செல்லியிருக்கிறீங்க. நீங்க ஆரைக் கேட்டுப் பாடினீங்க?"

"எனக்கு அவர் வாயால சொல்லித் தந்தவர்."

"அவக்கும் ஆரும் சொல்லித் தந்திருப்பாங்க."

இந்த நேரம் பார்த்துப் பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, "தம்பி, அந்தப் புதுப் பாட்டில எனக்கும் ஒரு கொப்பி அடிச்சுத் தாங்க" என்றார். அழகரெத்தினத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. "உங்கடது எங்கிட்ட இருக்குது ஐயா," என்றார் அவசரமாக. "பழசு இருக்குது."

பழசு. அந்தச் சொல்லோடு அழகரெத்தினம் கடையை விட்டு இறங்கினார்.

4

[இங்கே என் கட்டுரைப் புத்தி எட்டிப்பார்க்கிறது. சின்னதாக விட்டுவிடுகிறேன்.

பாட்டு யாருடையது? அழகரெத்தினம் சொல்வது ஒரேயடியாகப் பிழையில்லை. ஒரு குரலோடு ஒட்டிப்போன பாட்டை இன்னொரு குரலில் கேட்கும்போது நமக்கு ஏதோ பறிபோகிறது. வருடாவருடம் ஒரே மாதத்தில் கேட்கும் பாட்டென்றால் இன்னும் மோசம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மார்கழி வந்துவிட்டதென்று நமக்குத் தெரிகிறது. ஜவுபர் சொல்வதும் பிழையில்லை. பிறந்த பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள்தான் போகலாமென்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. இடையர் போனார்கள், ஞானிகள் போனார்கள், மாடு ஏற்கெனவே அங்கே நின்றது.

முடிந்தது. கதைக்குப் போவோம்.]

பாடியவள் யார் என்று எனக்கே கொஞ்சநாள் தெரியாது. தேநீர்க் கடை மனிதர் அதைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். நான் எழுதிய ஒரு படியில் அவளை மருதமுனை முஸ்லிம் கல்யாண வீடுகளில் பாடும் ஒரு பெண்ணாக்கினேன். அதில் எல்லாரும் ஒற்றுமையைப் பற்றி நீளநீளமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் படியை அடுப்பில் போட்டேன். இன்னொரு படியில் அவள் கொழும்பிலிருந்து வந்த ஒரு மேடைப் பாடகி. அவள் கல்முனையில் என்ன செய்கிறாள் என்று எனக்கு —

பிறகு அழகரெத்தினத்தை அவருடைய வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே தெரிந்தது.

5

வீட்டில் அவரும் மனைவி கிறேஸ்மணியும்தான். கிறேஸ்மணி தம்பிலுவில்காரி. பின்னேரங்களில் ஜவுபரின் மனைவி நபீலாவின் வீட்டுக்குப் போய், அங்குள்ள மெஷினில் இருவரும் சேர்ந்து உடுப்புத் தைப்பார்கள். கணவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்து கேட்பவள். அன்றும் கேட்டாள்.

"ஒப்பாரி வைக்கிற மாதிரி இழுக்கிறாள்," என்றார் அவர். "பிறந்த பிள்ளைக்கு ஆராவது ஒப்பாரி வைப்பாங்களா?"

"அப்படியா இருந்தது?"

"தாளமே இல்ல. எங்கயோ அடுப்படியில நிண்டு முணுமுணுக்கிற குரல்."

கிறேஸ்மணி மீன்குழம்பை அவர் பக்கம் தள்ளினாள். "இன்னும் கொஞ்சம் விடட்டா?"

"ஆரெண்டு கண்டுபிடிக்காம விடமாட்டன். பாஸ்டரிட்டச் சொல்லி அந்தக் கசெற்றை நிப்பாட்டப் போறன்."

"ஓம்," என்றாள் அவள்.

(நீங்கள் இப்போது கண்டுபிடித்துவிட்டீர்கள். நானும் அவள் குழம்புச் சட்டியைத் தள்ளிய இடத்தில்தான் கண்டுபிடித்தேன். உடனே ஒரு சந்தேகம் வந்தது. கட்டின மனைவியின் குரல் ஒரு மனிதனுக்குத் தெரியாமலிருக்குமா? இந்த அழகரெத்தினத்தை வாசகர் நம்புவார்களா? கதையை ஒரு மாதம் மூடிவைத்தேன். பிறகு அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். அவர் முன்னால், பாடகர் குழுவில். அவள் பெண்கள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில். வீட்டில் பாடுபவர் அவர், கேட்பவள் அவள். சோறு, சீனி, மழை, சம்பளம் என்று கதைக்கும் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் பாடும் குரலை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கே திக்கென்றது.)

6

மறுநாள் கடை திறக்கும்போதே அழகரெத்தினம் வாசலில் நின்றார். இரவு உறங்காத கண். பேரைச் சொல்லாவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்றார். ஜவுபர் கதவுப் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"வேணாம் ஐயா. பொலிசுக்குப் போனா உங்களுக்குத்தான் மரியாதக் கேடு."

"எனக்கென்ன மரியாதைக் கேடு? களவெடுத்தது அவள்."

"அப்பிடிச் செல்லாதீங்க."

"அவளுக்கு நீ என்னத்துக்கு வக்காலத்து வாங்கிற?"

ஜவுபர் பலகையைச் சுவரில் சாய்த்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "ஐயா, அத என்ட ஊட்டுலதான் பிடிச்சது. நபீலாதான் பட்டன அமத்தினா. நான் அங்க இரிக்கல்ல, மெஷின எப்பிடிப் போடுறதெண்டு காட்டிக் குடுத்திட்டுக் கடைக்கி வந்திட்டன். தச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள அவங்க பாடினதக் கேட்டுத்தான் நபீலா ஒரேயடியா நிண்டா, பிடிக்கவேணுமெண்டு. கடையில போடட்டா எண்டு கேட்டதுக்கு, போடுங்க, பேர் மட்டும் வேணாம் எண்டு சென்னாங்க."

அழகரெத்தினத்துக்கு விளங்கவில்லை. விளங்கியபிறகும் விளங்கவில்லை. யார் யாரோ பெண்களின் முகங்கள் வந்துபோயின. நபீலாவின் வீட்டுக்குத் தையலுக்குப் போகும் ஒருத்தியின் முகம் மட்டும் வரமறுத்தது.

"உங்கட ஊட்டுல கேளுங்க ஐயா," என்றான் ஜவுபர், நிலத்தைப் பார்த்து.

7

அவர் நேரே வேலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அன்று காலை கல்முனையிலிருந்து பஸ்கள் எப்படிப் புறப்பட்டனவென்று எனக்குத் தெரியாது.

கிறேஸ்மணி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றதைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"நீயா?"

"ஓம்."

நேற்றுச் சோற்றுக்கு முன்னால் இருந்து தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒப்பாரி. அடுப்படி. முணுமுணுப்பு.

"உனக்குப் பாட்டு எப்படித் தெரியும்?"

"உபதேசியார் எங்கட ஊர்தானே. சின்னதில அவர்ர குழுவில நான் பாடினனான். வானொலிக்கு நீங்க பாட முந்தியே எனக்கு அது பாடம்."

இது அவருக்கு இரண்டாவது இடி.

"என்னத்துக்கு இப்படிச் செய்த?"

இந்தக் கேள்விக்கு நான் எழுதிய முதல் பதிலை இங்கே வைக்கிறேன், கீறிய கோட்டோடு: அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் இறந்துபோயிற்று. அந்த வாரம் அவர் நத்தார்ப் பாட்டுக்காக வீடுவீடாய்ப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அந்தப் பாட்டைப் பிள்ளையின் காதில் —

கீறிவிட்டேன். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, உங்களுக்கும் கலங்கியிருக்கும். அதனால்தான் கீறினேன். ஒரு ஆண் பாடினால் அவனுக்குக் குரலிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஒரு பெண் பாடினால் மட்டும் அவளுடைய வீட்டுக்குள் ஒரு மரணத்தைத் தேடுகிறோம். கிறேஸ்மணிக்குக் குழந்தை பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. அவள் சொன்ன பதில் இது:

"பாட ஆசையா இருந்தது."

"அதுக்கு வேற பாட்டுக் கிடைக்கல்லையா?"

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். சொல்லலாமா என்று பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"நீங்க அதை வேகமாப் பாடுறீங்க. அது தாலாட்டு. உபதேசியார் சொல்லித் தரக்குள்ள, பக்கத்தில பிள்ளை கிடக்குது, முழிச்சிரும், மெல்லப் பாடுங்க எண்டுதான் சொல்லுவார். நீங்க பஸ்ஸுக்கு விசில் ஊதுற மாதிரிப் பாடுறீங்க. வருஷா வருஷம் நான் கடைசி வாங்கில இருந்து நினைக்கிறது அதுதான். பிள்ளை முழிச்சிரும், பிள்ளை முழிச்சிரும் எண்டு."

கிறேஸ்மணி சத்தம் போடவில்லை, அழவுமில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று என்று சொல்லும் அதே குரல்.

அழகரெத்தினம் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். "நேற்று நான் சொன்னதெல்லாம்..." என்று தொடங்கினார்.

"கேட்டுக்கொண்டுதானே இருந்தன்," என்றாள் அவள். "பிறகென்ன. தேத்தண்ணி வைக்கட்டா?"

அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவள் பாத்திரங்களுக்குத் திரும்பினாள்.

அந்தப் பின்னேரம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி மீண்டும் அந்தப் பாட்டைத் தொடங்கியது. அவர் கடைக்குப் போகவில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. டைம்கீப்பருக்கான சின்னப் பெட்டியறைக்குள் இருந்து முழுப் பாட்டையும் கேட்டார். ஒப்பாரி அல்ல. எத்தனை தடவை காதைக் கொடுத்துக் கேட்டும் ஒப்பாரி அல்ல. அது நல்ல பாட்டு. அதுதான் அவரை நேற்றையதைவிட அதிகமாய் உலுக்கியது.

8

நத்தார் காலை. சபை நிரம்பியிருக்கிறது. பாண்டிருப்புப் பெண்மணி இருக்கிறார். கடைசி வாங்கில் கிறேஸ்மணி இருக்கிறாள். யார் பாடியதென்று சபையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று வழக்கத்தைவிட அதிகம் பேர் இருமாமல் இருக்கிறார்கள். பாஸ்டர் வழக்கம்போல் அழகரெத்தினத்தைப் பார்த்துத் தலையசைக்கிறார். அவர் எழுந்து நிற்கிறார். ஆர்மோனியம் சுருதி கொடுத்துவிட்டது.

அவர் வழக்கம்போலவே பாடி முடித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். அது நடக்கக்கூடியதுதான். மனிதர்கள் இடி விழுந்தபிறகும் பழைய வேகத்திலேயே நடக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை எழுதிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்று எழுதினேன். அவர் கடைசி வாங்கைக் காட்டி, "இந்த முறை என்ர மனிசி பாடுவா" என்கிறார். எல்லாரும் திரும்புகிறார்கள், சிலர் கண்ணைத் துடைக்கிறார்கள். எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. காலையில் வாசித்தபோது உடம்பு கூசியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதவேயில்லை.

ஆகவே இங்கே நிற்கிறேன். ஆர்மோனியம் அந்த ஒரு சுருதியைப் பிடித்தபடி இருக்கிறது. அதிக நேரம் பிடித்திருக்க முடியாது. இனி உங்கள் பாடு. அவரைப் பாடவிடலாம், உட்காரவைக்கலாம், இருவரையும் சேர்த்துக்கூடப் பாடவைக்கலாம்.

ஆனால் கிறேஸ்மணியை எழுப்புவதாக இருந்தால், அதற்கு முன்னால் கடைசி வாங்குக்குப் போய் அவளிடம் கேளுங்கள். பாட விருப்பமா என்று. நான் இத்தனை படி எழுதியும் அதை அவளிடம் கேட்கவில்லை.