வடக்கனந்தல் கரண்ட்

செவ்வந்தியின் லேப்டாப் போலந்து நாட்டில் லுப்ளின் என்ற ஊரில் இருந்தது. அதன் சார்ஜர் வடக்கனந்தலில், அவளுடைய அம்மா ரங்கம்மாளின் வீட்டுச் சுவரில் செருகியிருந்தது. இடையில் ஏழாயிரம் கிலோமீட்டர். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. அதை வைத்தே கள்ளக்குறிச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்து, உதவித்தொகையோடு மேல்படிப்புக்குப் புறப்பட்டவள், 2019 புரட்டாசியில் சார்ஜரை மறந்துவிட்டுப் போனாள். கார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிய பிறகுதான் வீட்டில் இருந்த ரங்கம்மாள் அதைப் பார்த்தாள். லுப்ளினில் வாங்கிய புது சார்ஜரை லேப்டாப் ஏற்கவில்லை. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று மூடிக் கொடுத்தார். எட்டு நாள் இருண்டு கிடந்தது. ஒன்பதாம் நாள், செவ்வந்தி வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை வெளிச்சமானது.

“அம்மா, இப்ப இன்னா பண்ண நீ?”

“ஒண்ணும் பண்ணலடி. உன் சார்ஜர் சும்மா கெடந்தா வீணாப்பூடுமேன்னு சொருவி வச்சேன்.”

“எடுத்துடாத. அப்படியே வுடு.”

அன்றிலிருந்து ரங்கம்மாள் அதை எடுக்கவில்லை. ஒயரின் முனை எதிலும் சேராமல் அரிசிப் பானைக்கு மேலே தொங்கியது. மகள் வேலை செய்யும்போது சார்ஜர் கதகதப்பாக இருக்கும், மூடி வைத்தால் ஆறிவிடும் என்பதை ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டாள். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவியதும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பாள். கொரோனா வந்த வருஷம் ஒருமுறை இரண்டு நாள் சில்லென்றே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து போன் போடச் சொன்னாள். செவ்வந்தி காய்ச்சலில் படுத்திருந்தாள். “யாருகிட்டயும் சொல்லல, உனக்கு எப்படித் தெரிஞ்சிது?” என்று கேட்டாள். வடக்கனந்தலில் கரண்ட் போனால் லுப்ளினில் லேப்டாப் அணைந்தது. பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த அந்த வருஷ மார்கழியில் கடைசித் தேர்வு வந்தது. கொரோனாவால் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்ததால் வீட்டிலிருந்தே எழுத வேண்டும். தேர்வுக்கான மென்பொருள் அந்த லேப்டாப்பில் பதிவாகியிருந்தது. வேறு கணினிக்கு மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தை பிறந்தால் விசா முடிகிறது. தேர்வை விட்டால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான். அங்கே காலை பத்து மணித் தேர்வு, இங்கே பிற்பகல் இரண்டரை. அன்று விடியற்காலை கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய காற்று ஒரு புளியங்கிளையை மின்கம்பியின் மேல் முறித்துப் போட்டது. ஊர் முழுக்க கரண்ட் இல்லை.

லைன்மேன் வேடியப்பன் கிளம்பிவிட்டார். ஆனால் மெயின் ரோட்டில் முந்நூறு பேர் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்சைத் தவிர எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். வேடியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார். பன்னிரண்டு மணிக்கு ரங்கம்மாள் அங்கே நடந்து வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் தெருவைச் சேர்ந்த ஒருவரும் இல்லை. அது அவள் தெருவின் போராட்டம் அல்ல. முன் வரிசையில் இருந்த ஆதிமூலத்தின் நிலத்தில்தான் அவள் கூலி வேலை செய்தாள். இருபது வருஷத்தில் அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

“இன்னா ரங்கம்மா, நீ எங்க இங்க?”

“எம்பொண்ணுக்குப் பரீட்சைங்க. லைன்மேன வுட்டீங்கன்னா புண்ணியமா போவும்.”

“அது வெளிநாட்ல இல்ல இருக்குது? அங்க பரீட்சைன்னா இங்க கரண்ட் இன்னாத்துக்கு?”

ரங்கம்மாள் உள்ளதைச் சொன்னாள். சார்ஜரை, சூட்டை, காய்ச்சல் கண்ட இரண்டு நாளை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்கு சீட் கிடைக்காதவர்கள்.

ஆதிமூலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “நாமளும் படிப்புக்குத்தான குந்திக்கினு இருக்கோம்,” என்றார் பின்னால் பார்த்து. “வழி வுடுங்கப்பா.”

கூட்டம் நடுவில் பிளந்தது. வேடியப்பனின் வண்டிக்குப் பின்னால் இருபது பேர் தாங்களாகவே போனார்கள். அவர் மின் இணைப்பைத் துண்டித்துக் கிளையை அறுத்ததும் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒருவருடைய வேட்டி கிழிந்தது. ஆதிமூலம் மரத்தடியில் நின்று, இப்படி இழு, அப்படி இழு என்று எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்தார். இரண்டு இருபதுக்கு கரண்ட் வந்தது. ரங்கம்மாள் ஓடிப் போய்ச் சார்ஜரின் மேல் கை வைத்தாள். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு, உலை மூடியைப் போல மெல்லச் சூடேறியது. தேர்வு முடியும் வரை, மூன்று மணி நேரம், அவள் கையை எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு போன் வந்தது. “எழுதிட்டம்மா,” என்றாள் செவ்வந்தி. ரங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலையிலிருந்து குடிக்காத தண்ணீரை ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். பிறகு மெயின் ரோடு வரை போய், மறியல் முடிந்து துண்டை மடித்துக்கொண்டிருந்த ஆதிமூலத்திடம் விஷயத்தைச் சொன்னாள். அவர், “பாஸாயிடும், போ,” என்றார்.

பாஸானாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதைத் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாள், அம்மாவின் கைக்குச் சூடு போகட்டும் என்று. மாசி மாதம் மின்சார அலுவலக வாசலில், பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படும் இடங்களின் பட்டியல் ஒட்டப்பட்டது. கச்சிராயபாளையம், வடக்கனந்தல் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘லுப்ளின் (ஒரு வீடு மட்டும்)’ என்று வேடியப்பன் சேர்த்திருந்தார். அதிகாரி படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.