அக்காவின் முகம் வரைக்கும்

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் காதோர முடி இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சின்னு கண்ணாடியில் நிமிர்ந்தபோது, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் சீப்பு இருந்தது. தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, ஏதோ கேட்க வந்து மறந்துபோனவள்போல் நின்றாள். அக்கா செத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. கத்தரிக்கோல் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது.

"என்னங்க, தப்பா வெட்டிட்டீங்களா?" என்று அந்தப் பெண் பதறினாள். முடியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்போதும் அந்தப் பயம்தான்.

"இல்லங்க. சரியாத்தான் இருக்கு."

கண்ணாடியில் அக்காவும் அதையே சொன்னாள். அது தன் முகம்தான் என்று அப்போதுதான் சின்னுவுக்கு உறைத்தது.

முடி வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாளெல்லாம் கண்ணாடிக்கு எதிரிலேயே நின்றாலும் தங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கண் அங்கே போனால் வெட்டு கோணிவிடும் என்று தொழில் கற்றுக்கொள்ளும்போதே சொல்லித் தந்துவிடுகிறார்கள். அதனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோன விஷயம் அவளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அந்தப் பெண்ணை எப்படியோ முடித்து அனுப்பினாள். அடுத்தவருக்குத் துணியைக் கழுத்தில் கட்டும்போது வலது முழங்கால் மடங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கடைக்கார அக்கா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, "போதும் தாயே, வீட்டுக்குப் போ. என் கடையில விழுந்து எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்காத," என்றாள். அவள் பாசத்தைக் காட்டுவதெல்லாம் அந்த மாதிரிதான்.

வீட்டில் வைத்த செல்லப்பெயர்தான் சின்னு. ஆள் எந்தக் காலத்திலும் சின்னதாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மூட்டு வாதம் வந்து ஒட்டிக்கொண்டது. ஓடாதே, குதிக்காதே என்று உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஏறியது. ஏறிய உடம்பு மூட்டை இன்னும் தேய்த்தது. விரல்கள் பரவாயில்லை. காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும், வெந்நீரில் வைத்துக் கொஞ்சம் கெஞ்சினால் இறங்கி வந்துவிடும். முழங்கால்கள் கெஞ்சலுக்கு மசிகிற ரகம் இல்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எலும்பு டாக்டர், மூட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார். பிறகு எடை மெஷினில் ஏற்றி, முள்ளுக்குக் கீழே ஒரு கோட்டைக் காட்டினார். "இதுக்குக் கீழ வாங்க. அன்னைக்கே தேதி குடுக்கறேன். இந்தக் கனத்தோட புது மூட்டு போட்டா அதையும் தேச்சிட்டு வந்து நிப்பீங்க."

முதலில் முள் மளமளவென்று இறங்கத்தான் செய்தது. மாவுப் பண்டம், இனிப்பு எல்லாவற்றையும் விட்டாள். நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீருக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். தண்ணீருக்குள் மட்டும்தான் அவளுக்கு வலியில்லாமல் நடக்க முடிந்தது. மேலே ஏறும் நேரத்தில் மொத்த உடம்பும் திரும்ப வந்து முழங்காலில் உட்காரும். வசந்தம் முழுக்க இறங்கிய முள், கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நின்றது நின்றதுதான். சாப்பாட்டைக் குறைத்தாள், நடையைக் கூட்டினாள், அது ஆடவில்லை அசையவில்லை. உணவு ஆலோசனை சொல்கிற பெண், பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்ல என்ன சாப்பிடறீங்கன்னு உண்மையச் சொல்லுங்க," என்றாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவளிடம் திருட்டுத் தீனி பற்றி விசாரணை. சின்னுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இனி எத்தனை காலம் நின்று வேலை செய்ய முடியும் என்பது அவளுக்கே தெரியவில்லை. உட்கார்ந்தபடி முடி வெட்டும் வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முள் நின்ற காலத்தில்தான் அம்மா மாறினாள்.

வீட்டில் இருந்தது அம்மாவும் அவளும் மட்டும். பாப்பு போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டு, ரேடியோவை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, வீட்டை ஓசையில்லாமல் நடத்திக்கொண்டிருந்தாள். பாப்பு என்பது அக்கா. தொண்டைக்குக் கீழே ஏதோ வளர்ந்து, மாதத்துக்கு ஒரு முகமாகக் கரைந்து போனவள். அப்படி இருந்த அம்மா திடீரென்று ரேடியோவை இறக்கித் துடைத்துப் பாட வைத்தாள். சின்னு வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். ஒரு நாள் பெட்டியிலிருந்து அக்காவின் நீலச் சட்டையை எடுத்து வந்து, "சும்மா போட்டுப் பாரேன்," என்றாள். சட்டை பொருந்தியது. தோளில் கையை வைத்து இழுத்துவிட்டுக்கொண்டே அம்மா அவளைப் பார்த்த பார்வையில் சின்னுவுக்கு மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. அந்த வீட்டில் பார்வை எல்லாம் எப்போதும் பாப்புவுக்குத்தான். சின்னுவுக்கு மிச்சமிருந்தது கரிசனம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தோள் வரைக்கும் வெட்டி நடுவுல வகிடு எடுத்தா உனக்கு நல்லா இருக்கும்டி," என்றாள் அம்மா. அது யார் முடி என்று சின்னுவுக்குத் தெரியும். அந்த முடியைப் பல வருஷம் வெட்டியவளே அவள்தான். கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத கை, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் தலையில் அதை அப்படியே வெட்டியது. முடியைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா இரண்டு முறை அவளைப் பாப்பு என்று கூப்பிட்டாள். இரண்டு முறையும் சின்னு "என்னம்மா" என்றாள். சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு அது பிடித்திருந்தது.

கடைக் கண்ணாடியில் அக்காவைப் பார்த்த அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தவள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறி, சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. சமையல் மேடையில் பூசணிச் சூப்பு இரண்டு கிண்ணங்களில் இருந்தது. பக்கத்தில் ஊறவைத்த முந்திரி, பாலாடை, பிரித்த வெண்ணெய்க் கட்டி. அம்மா மிக்ஸியை நிறுத்தி, அரைத்த விழுதைக் கரண்டியால் வழித்து, ஒரு கிண்ணத்தில் மட்டும் போட்டு நிதானமாகக் கலக்கினாள். மேலே மஞ்சள் நிறம் சரியாக வரும்வரை கலக்கினாள். அது சின்னுவின் கிண்ணம்.

"அம்மா."

அம்மா திரும்பினாள். திடுக்கிடக்கூட இல்லை. பிடிபடுவதற்காகவே காத்திருந்தவள்போல் கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நாளா இது?"

"நீலச் சட்டை போட்டியே, அன்னைலேருந்து."

சின்னு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முழங்கால் துணிக்குள் வீங்கிப்போய்ச் சுட்டது. கத்தியிருக்கலாம். குளத்தில் நடந்த நடை, அந்தப் பேனாக்காரியின் பார்வை, எல்லாவற்றையும் அம்மாவின் முகத்தில் வீசியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"எனக்குக் கால் வலிக்குதும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வலிச்சா என்னடி? இருக்கல்ல நீ." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "அவ ஒடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடி இதே கன்னம், இதே தாடை. அச்சு அசல் இப்படித்தான் இருந்தா. இதோட நிறுத்திக்கோ. இன்னும் எளைச்சா அடுத்து எந்த மூஞ்சி வரும்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு மூஞ்சியா பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். இன்னொரு தடவ என்னால ஆகாது."

"நான் பாப்பு இல்லம்மா."

"எனக்கென்ன பைத்தியமா, அது தெரியாதா?" அம்மா முந்தானை நுனியில் கையைத் துடைத்தாள்; துடைக்க ஒன்றும் இல்லை. "நீ இப்படி இருக்கறப்போ நீயும் இருக்க, அவளும் இருக்கா. ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றீங்க."

சின்னுவுக்கு அம்மாவின் மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் அக்காவின் மேல் வந்தது. செத்துப்போயும் முகத்தை விட்டுக் கொடுக்காத அக்கா. அடுத்த நிமிஷமே அதற்காக நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா அந்தக் கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீரில் கவிழ்த்தாள். இருவரும் அது கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் சின்னு தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டாள். "ஒட்ட வெட்டுக்கா," என்றாள். கடைக்கார அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "காதல் தோல்வியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். முடி விழ விழ, கண்ணாடியில் நடுவகிடு எடுத்து இருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், யாரென்று தெரியாத ஒருத்தி வந்தாள்.

சமையலைச் சின்னு எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அடுப்பையும் பிடுங்கிக்கொண்டால் அம்மா நாளெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? "நீயே செஞ்சு குடும்மா. வெறும் சூப்பு. என்ன போட்டாலும் எனக்குத் தெரியப்போறதில்ல, உனக்குத்தான் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அம்மா கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ரேடியோ மறுபடி அலமாரிக்கு மேலே ஏறியது.

முள் இறங்கியது. ஆடி அசைந்து, நொண்டி நொண்டி, ஆனால் இறங்கியது. ஆலோசகப் பெண் கை தட்டினாள். எலும்பு டாக்டர், "இன்னும் கொஞ்சந்தான்," என்றார். சந்தோஷப்பட வேண்டியவளுக்குத் தூக்கம் போயிற்று. கன்னம் குழிந்தது. கண்ணுக்குக் கீழே நிழல் வந்தது. வழக்கமாக வருகிறவர்கள், நல்லா இருக்கீங்க என்பதை நிறுத்திவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று தணிந்த குரலில் கேட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியதும் உதவவில்லை. கடைசி மாதங்களில் பாப்புவுக்கும் முடி இல்லை. அதைச் சின்னு யோசிக்காமல் போனாள். முடியைக் கொண்டே உலகத்தைப் பார்க்கிறவள் செய்கிற தப்பு அது. அக்காவின் முகம் வரைக்கும் போகாமல் தப்பித்துவிட்டதாக நினைத்தவள், நேராக அதன் நடுவில் வந்து நின்றாள்.

ரத்தம் எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியும் காலையில் எழுந்ததும், அம்மா பார்க்காத நேரத்தில், ஒரு வாய் தண்ணீரை எடுத்து, அது இறங்குகிறதா என்று நின்று கவனிப்பாள். அக்காவுக்குக் கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனசில்லாமல், கொடுத்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னுவுக்குத் தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. அது இறங்கும்போதெல்லாம் யாருடையதையோ எடுத்துக் குடித்துவிட்டதுபோல் கூசியது. முழங்காலோ முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஒரு நாள் படியில் பாதித் தூரத்தை நேராகவே ஏறிவிட்டாள். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். மூட்டுகள் மழைக்கு முன்பே சொல்லிவிட்டதால் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருந்தாள். அம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆவி பறந்தது. சின்னு குனிந்து கரண்டியை எடுத்தாள். பக்கத்து அறைக்குப் போகும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. எதிர் நாற்காலி தரையில் உராய்ந்து நகர்ந்தது.

அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு திறந்தாள். திறந்து, அந்த முகத்தை, குழிந்த கன்னத்தையும் ஒட்ட வெட்டிய தலையையும், விலகாமல் பார்த்தாள்.

"குடி," என்றாள்.

"நீ உள்ள போய் உக்காரும்மா."

"குடிடி. நான் பாக்கறேன்."

சின்னு ஒரு வாய் எடுத்தாள். சூட்டோடு உள்ளே போனது. அம்மாவின் பார்வை அவள் கண்ணில் இல்லை, அதற்குக் கீழே, கழுத்தில் இருந்தது. இன்னொரு வாய் எடுத்தாள். விழுங்கினாள். எதிரில் அம்மாவின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.