மஞ்சள் டீ-ஷர்ட்

ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த வசந்தகுமாரி, மகன் அஸ்வினின் வலது கையை மடியில் வைத்து விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டுக்கு மேல் தழும்பு தடித்திருந்தது. விரல்கள்தான் யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை.

"கொஞ்சம் மடக்குடா. உள்ள கூப்பிட்டா என்ன பண்ணுவ?"

"மடங்கலம்மா. சும்மா நச்சரிக்காத."

சாலை போடும் கூலியாளாக, சர்க்கார் கணக்கில் மஸ்தூராக இருந்த அவள் புருஷன் முத்துராஜ், தார்ச்சட்டி தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன்தான், எழவில்லை. வாரிசு என்று அந்த வேலை அஸ்வினுக்கு வருவதாக இருந்தது. சர்க்கார் வேலை. அதற்கு இந்தத் தீவு முழுக்கத் தவம் கிடக்கிறார்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பங்குனி உத்திரம் வந்து தொலைத்தது.

காவடிக்கு முன்னால் ஆட, ஒவ்வொரு தெருப் பையன்களும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் அடித்து மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரவழைப்பார்கள். இந்த வருஷம் பத்துபஸ்தியில் மேல்தெரு டீமுக்கும் மஞ்சள், கீழ்த்தெரு டீமுக்கும் மஞ்சள். முருகனுக்கு ஆடப் போகிறவன் வேறு எதைப் போடுவான்? யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தது என்று வாட்ஸப்பில் ஆரம்பித்தார்கள். திருவிழா முடிந்த கையோடு பைக்குகளில் துரத்திக்கொண்டார்கள். கீழ்த்தெரு ரவிச்சந்திரன் தேங்காய் வெட்டும் 'தா' கத்தியை எடுத்து வந்தான். கழுத்துக்கு வீசியதை மேல்தெரு அஸ்வின் கையால் தடுத்தான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

ரவியின் அம்மா சொர்ணம்மா இதே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். வாளியோடு வந்தவள் இவர்களைப் பார்க்காதது போலக் கடந்துபோய், பிறகு திரும்பி வந்தாள்.

"கை எப்படி இருக்கு வசந்தா?"

"பாத்தாத் தெரியலையாக்கா. உங்க மவன் எப்படி இருக்கான்?"

"ஜெயில்லதான். போய்ப் பாத்தேன். எதுக்குல வெட்டுனன்னு கேட்டா, இஜ்ஜத்தாம். மானப் பிரச்சினையாம்." சொர்ணம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அவன் ஜட்டிய இன்னும் நான்தான் தொவைக்கேன். அவனுக்கு மானம்."

வசந்தகுமாரிக்குச் சிரிப்பும் வந்தது, அவளை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது. திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் அலுத்துப் போயிருந்தன.

உள்ளே டாக்டர் ஒரு பேனாவை அஸ்வினின் உள்ளங்கையில் வைத்து, "முட்டி பந்த் கரோ, பேட்டா" என்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவன் பல்லைக் கடித்தான். பேனா நழுவித் தரையில் உருண்டது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் நழுவியது. டாக்டர் பேனாவைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் முத்துராஜ் வேலை பார்த்த ஆபீஸில் உமா மகேஸ்வரி மேடம் வசந்தகுமாரியை உட்காரச் சொன்னார்.

"கை மடங்காதவன மஸ்தூர் வேலைக்கு எப்படிம்மா எடுப்பாங்க? வேணும்னா நீங்க சேருங்க. சம்சாரத்துக்கும் குடுக்கலாம்."

"நானா? மூட்டுவலிக்கு மாத்திரை தின்னுக்கிட்டு இருக்கேன் மேடம்."

"அப்ப விட்டுருங்க. பின்னால எத்தனையோ பேர் நிக்கிறாங்க."

அவள் விடவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஏர்போர்ட் பக்கத்துச் சாலைக்குத் தார் போட்டார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையும், கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிய துண்டுமாக, வசந்தகுமாரி தார் ஜல்லியைச் சுமந்து கொட்டினாள். செருப்பைத் தாண்டிக் கால் வெந்தது. மூட்டு ஒவ்வொரு நடைக்கும் பிடித்துக்கொண்டது.

அடைத்திருந்த பக்கத்தில் நாலைந்து பைக்குகள் வந்து நின்று ஹாரன் அடித்தன.

"வழி விடும்மா, ஜல்தி!" முன்னால் இருந்தவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"தார் காயல தம்பி. அப்படி என்ன அவசரம்?"

"கீழ்த்தெருக்காரன் ஒருத்தன் எங்க டீமத் திட்டி ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்."

அவனுக்குப் பின்னால் அஸ்வின் உட்கார்ந்திருந்தான், மடங்காத கையை நண்பனின் தோளில் போட்டுக்கொண்டு. அம்மாவின் கண்ணைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இறங்குடா" என்றாள் வசந்தகுமாரி.

பைக்குகள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஈரத் தாரின் மேலேயே ஏறிப் போயின. சூப்பர்வைசர் ஓடி வந்து பார்த்தார்.

"பூரா தடம் விழுந்திருச்சு. இன்னொரு சட்டி கொண்டாம்மா."

அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தார் அடுப்பை நோக்கி நடந்தாள்.