தலைகீழாகத் தொங்கிய தாடை

திண்டிவனத்தில் சவரிராயன் வீட்டு முன்கூடம்தான் சுறாக் காட்சியகம். மீன்வளத் துறையில் வேலை பார்த்த காலத்தில் மரக்காணம் கரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தவை. வேளா மீனின் ரம்பக் கொம்பு, கண்ணாடிப் புட்டியில் சுறாக்குட்டி, சுவர் நிறையத் தாடைகள்.

நடுவில் தொங்கிய பெரிய தாடை மட்டும் தலைகீழ். மகள் இருதயசெல்வி சிறுமியாக இருந்தபோது அவர் தோளில் ஏறி நின்று மாட்டியது. அகலப் பற்கள் மேலே இருக்க வேண்டும், ஊசிப் பற்கள் கீழே. அவள் மாற்றி மாட்டினாள். வாய்விட்டுச் சிரித்தவர், அப்படியே விட்டுவிட்டார்.

வளர்ந்த பிறகு அவளே கெடார் ஊர்க்கார நடராசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை; வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் கூப்பிடாம இந்த வாசப்படி ஏறாத" என்றார் சவரிராயன்.

சொன்ன சொல்லை மாற்றுகிற குடும்பம் இல்லை அது. அவளும் அந்தக் குடும்பத்துப் பெண்தானே, ஏறவில்லை. விழுப்புரத்தில் எங்கோ வேலை என்று கேள்வி. அவர் தினமும் அந்தத் தாடையை மட்டும் தன் துண்டாலேயே துடைத்தார்.

"என்னாங்க, விழுப்புரத்துலருந்து காலேஜ் புள்ளைங்க வர்றாங்க. அதைத் திருப்பி மாட்டுங்க, சிரிப்பாங்க" என்றாள் மனைவி கிளாரா.

"சிரிச்சிட்டுப் போவட்டும்."

"உங்க பேரு இன்னாவறது?"

"என் பேரு இந்த ஆணியில தொங்கிக்கினு இல்ல."

வேன் வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். இளவரசி என்ற மாணவி தாடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சார், இது தலைகீழா இருக்குது. அகலப் பல்லு மேல வரணும்னு எங்க மேடம் சொல்லிக்குடுத்தாங்க."

"உங்க மேடம் எங்க?"

"தலைவலியாம் சார். வேன்லயே உக்காந்துக்கினு இருக்காங்க."

ஜன்னல் வழியே பார்த்தார். வேனுக்குள் ஒருத்தி குனிந்தபடி பின்னல் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை நாட்களில் இருதயசெல்வி அப்படித்தான் சுற்றுவாள். அவர் கிளாராவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் கிளாரா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

சவரிராயன் இளவரசியிடம் திரும்பினார். முதுகு வளையவில்லை. குரல்தான் கொஞ்சம் பிசகியது.

"தப்பு சொன்னா மட்டும் பத்தாதும்மா. உங்க மேடத்தையே வந்து சரி பண்ணச் சொல்லு." மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

இளவரசி ஓடினாள். வேனின் கதவு திறந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. படியேறி வந்தவள் தாடையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னுமாப்பா இதை மாத்தல?"

"மாட்டினவதான் கழட்டணும்."

"எட்டாதேப்பா" என்றாள்.

தோளில் ஏற்றும் வயது இருவருக்கும் தாண்டிவிட்டது. சவரிராயன் தானே போய் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். அவள் ஏறினாள். அவர் தரையில் குந்தி, அது ஆடாமல் இருக்க அதன் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.