மாமனாரின் வெள்ளிப் பதக்கம்

மாமனாருக்குத் தெருவில் கேப்டன் என்று பெயர். ராணுவத்தின் வாசல் பக்கம்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. காலமெல்லாம் குடிநீர் வாரியத்தில் பம்பு போட்டு நிறுத்தியவர். பட்டம் வாங்கிக் கொடுத்தது அவருடைய கொள்ளுத் தாத்தாவின் பதக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கடல் தாண்டிப் போய், துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டு வாங்கியது என்று அவர் சொல்லாத நாளில்லை. அந்தப் பதக்கத்தைக் காட்டித்தான் வீட்டையே ஆட்டிப் படைத்தார். மகன் தெரு நாய்க்கு ஒதுங்கி நடந்தால் போதும், "புலி வம்சத்துல பூனை வந்து பொறந்திருக்கு" என்பார். பயம் என்ற சொல்லே அவருக்கு ஒரு வசவு.

மாப்பிள்ளை மேல் மட்டும் கொஞ்சம் மரியாதை. அருங்காட்சியகத்தில் பழைய சிப்பாய்களின் பதக்கங்களைச் சரிபார்த்து, யார் எந்தப் படையில் இருந்தார் என்று தேடிச் சொல்வது அவர் வேலை. பெண் கொடுத்ததே அதற்காகத்தான் என்று உறவில் கேலி செய்வார்கள். இப்போது அந்த மாப்பிள்ளைதான் வசமாக மாட்டிக்கொண்டார்.

நாளைக்கு அருங்காட்சியகத்தில் போர்க் கூடம் திறப்பு. நடுக் கண்ணாடிப் பெட்டியில் மாமனாரின் பதக்கம். அவர் மேடையில் பேசவும் போகிறார்; சட்டைகூடப் புதிதாகத் தைத்தாகிவிட்டது. இத்தனை வருஷம் வீட்டை விட்டு வெளியே விடாத பதக்கத்தை ஒரு வழியாகக் கொண்டுவந்து கொடுத்தபோது ஒன்று சொன்னார்.

"ஓரத்துல பழுப்பா ஒரு கறை, மாப்பிள்ளை. வாராவாரம் பல்பொடி போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்கப் பெருசாகுது. உங்ககிட்ட ஏதாவது மருந்து இருக்குமே, எடுத்துருங்க."

கறையா அது! லென்ஸில் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்தது வெண்கலம். வெள்ளி என்பது யாரோ பிற்பாடு பட்டறையில் கொடுத்துப் பூசிய முலாம். அந்தப் போரில் துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. படைக்குப் பின்னால் சமைத்தவனுக்கும் சுமந்தவனுக்கும் அதே அச்சில் வெண்கலம். சாகப் போன இடத்திலும் தராதரம் பார்த்த துரைமார்கள், வேறென்ன சொல்ல! விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளை முலாம் அடைத்திருந்தது. இப்போது பல்பொடி அந்த முலாமைத் தின்றுவிட்டிருந்தது. கொள்ளுத் தாத்தாவின் பெயரும், பக்கத்தில் அவர் பார்த்த வேலையும் பளிச்சென்று தெரிந்தன: டோலி தூக்குபவர். சிப்பாய்களின் பட்டியலில் அவரை எத்தனை தேடியும் ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏங்க, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. போன மாசம்தான் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஓரத்தை யாரு பார்க்கப் போறா?"

"பெட்டியில வைக்கிற குறிப்புல கையெழுத்து என்னோடது."

"அப்பா என்னோடவரு."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மறுபடி முலாம் பூசிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார். பிழைக்கத் தெரிந்தவனாக இருந்தால் செய்திருப்பான். இவருக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் பெட்டியைப் பார்க்க மாமனாரே வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, கறை அப்படியே இருக்கு?"

"உட்காருங்க மாமா. மாத்திரை பையில இருக்கா?"

"எதுக்கு? எனக்கென்ன வந்துச்சு?"

மாப்பிள்ளை மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாமனார் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பதக்கத்தை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போது கத்துவார், இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ துப்பாக்கி?"

"டோலி தூக்குறவங்களுக்கு ஆயுதம் கிடையாது மாமா. சண்டை நடக்கிற எடத்துக்குள்ள போய், அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வரணும்."

"வெறுங்கையோடவா?"

"கம்பு இருக்கும். தோள்ல டோலிக் கம்பு. ரெண்டு கையும் அதுலதான்."

மாமனார் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டு வந்தா குனியக்கூட முடியாதே, மாப்பிள்ளை."

"முடியாது மாமா."

"எவ்வளவு பயந்திருப்பாரு!"

எழுதாமல் வைத்திருந்த குறிப்பு அட்டையை மாமனாரே இழுத்து மாப்பிள்ளை முன்னால் தள்ளினார்.

"டோலி தூக்கினவருன்னே எழுதுங்க. குனிய முடியாதுன்னும் எழுதுங்க. நாளைக்கு நான் பேசலை. பேசினா அழுதுருவேன்."